ஐந்து நிமிடக் கட்டு

மனிதகுலத்தின் வரலாறு என்பது கைப்பிடியின் வரலாறு. புத்தூரில் என் உடற்பயிற்சிக் கூடத்துச் சுவரில் இதைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அதன் கீழே, செருப்பை வெளியே விடவும் என்று என் மனைவி ஸ்ரீதேவி எழுதியிருக்கிறாள்.

நீங்கள் கேட்பதற்கு வருகிறேன், சார். ரத்த ஓட்டத்தை மட்டுப்படுத்திச் செய்யும் பயிற்சியைத் திருப்பதியில் இரண்டு நாள் படித்தேன். மேல்கையில் பட்டை கட்டிக்கொண்டு லேசான எடையைத் தூக்கினால் பிடி பலப்படும். ஐந்து நிமிடத்தில் அவிழ்த்துவிட வேண்டும். பட்டைக்கு நான் சைக்கிள் டியூபை வெட்டி வைத்திருந்தேன்.

நான்கு வருடமாக எனக்கே கட்டிப் பார்த்தேன். பிடியை அளக்கும் மீட்டர் பத்தொன்பது கிலோவைத் தாண்டவில்லை. டியூபை மாற்றினேன். மீட்டரையும் மாற்றினேன். பயிற்சிக்குத் திலீப் சேர்ந்த அன்றே நாற்பத்தொன்று காட்டினான், அதுவும் யாருடனோ பேசிக்கொண்டே. அவன் கேட்டிருந்த சத்தியவேடு பக்கத்துத் தொழிற்சாலை வேலைக்கு நாற்பத்தைந்து வேண்டுமாம். திங்கட்கிழமை சோதனை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவன் இரண்டு கையிலும் கட்டினேன். கொஞ்சம் இறுக்கமாகத்தான். சிறிது நேரம் கழித்து, "வெரலு மரத்துப் போய்க்கினு கீதுண்ணா," என்றான்.

நாடி பார்ப்பதுபோல் முடிச்சைத் தொட்டுவிட்டு, "அப்போ பலம் ஏறுதுன்னு அர்த்தம்," என்றேன்.

எலும்புக் கட்டுக்கு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வரும் ஊர் இது. கட்டியவர் அவிழ்க்கும்வரை இங்கே யாரும் கட்டின் மேல் கை வைப்பதில்லை. "எங்க நைனா கால் கட்ட நாப்பது நாளு வெச்சிக்கினு இருந்தாரு. எனக்கு இன்னா," என்று சிரித்தான்.

பதினொன்றுக்குச் சிரிப்பு நின்றது. பன்னிரண்டுக்கு விரல்கள் நாவல்பழ நிறத்தில் இருந்தன. அவற்றை மடக்க அவனால் முடியவில்லை. "அவுத்து உடுண்ணா," என்று மெதுவாகக் கேட்டான். நான் இன்னொரு முறை முடிச்சைத் தொட்டுவிட்டு, பொறுமையைப் பற்றி எடுத்துச் சொன்னேன். மேசையில் கத்தரிக்கோல் இருந்தது. அறுத்தால், அவிழ்க்காமல் ஏன் அறுத்தாய் என்ற கேள்வி வரும்.

ஒன்றரைக்குச் சாப்பிடக் கூப்பிட வந்த ஸ்ரீதேவி கத்தரிக்கோலை எடுத்துப் பட்டைகளை அறுத்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

இடது கையில் இரண்டு விரல் அசைகிறதாம். வலது கையைப் பற்றி டாக்டர் பேசவே இல்லை. திங்கட்கிழமையும் போய்விட்டது.

பொறாமையில் செய்தேன் என்று வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், சார். கையெழுத்துப் போடுகிறேன். படிப்பவர்களுக்கு அது ஓரளவு மரியாதையாகத் தெரியும்.

ஐந்தாவது நிமிடமே அவிழ்க்கப் பார்த்தேன். முடிச்சு என் பத்தொன்பது கிலோ விரலுக்கு அசைந்து கொடுக்கவில்லை.