பட்டியலில் ஐம்பத்துநான்கு ஆண்கள்

(மருதங்கண்டல் பொதுநோக்கு மண்டபத் திறப்பு விழாவில், மாதர் சங்கத்தின் சார்பில் இராசம்மா ஆற்றிய நன்றியுரை. 2014 ஆவணி.)

விழாவுக்குத் தலைமை தாங்கி நடுக்கதிரையில் வீற்றிருக்கும் எங்கள் தில்லைநாதன் மாஸ்டர் அவர்களே, மன்னாரிலிருந்து வெயிலையும் புழுதியையும் தாண்டி வந்து நாடாவை வெட்டிவைத்த பிரதம விருந்தினர் ஐயா அவர்களே, ஊர்ப் பட்டியலை மடியில் வைத்துக்கொண்டிருக்கும் எங்கள் கிராம அலுவலர் விதானையார் அவர்களே, மீன்பெட்டியை வாசலில் விட்டுவிட்டுப் பின்னால் நிற்கும் வஸீர் நானா அவர்களே, பெற்ற தாய்மாரே, பெற்றதைப் பறிகொடுத்த தாய்மாரே, இலுப்பைக்கடவையிலிருந்து இரண்டு பஸ்ஸில் ஏற்றிவரப்பட்ட அயலூர் உறவுகளே, அப்படி ஏற்றி வந்தும் நிரம்பாமல் கிடக்கும் கதிரைகளே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

சிரிக்கவேண்டாம், தங்கச்சி. இருநூறு கதிரை தந்திருக்கிறார்கள். அதற்கு நன்றி சொல்லத்தான் என்னை மேடையில் ஏற்றியிருக்கிறார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மாஸ்டர் எழுதித் தந்த கடதாசி கையில் இருக்கிறது. அதில் உள்ளதைப் பிறகு வாசிக்கிறேன்.

பிரதம விருந்தினராக வந்த பெரிய ஐயா இப்போதுதான் அழகாகப் பேசினார். இந்த நாட்டில் நான்கு பேரில் மூன்று பேர் கிராமத்தில்தான் வாழ்கிறார்கள், கிராமம்தான் நாட்டின் முதுகெலும்பு என்றார். கைதட்டினோம். நானும் தட்டினேன். தட்டும்போதே ஒரு கேள்வி நெஞ்சில் முட்டியது. எங்கே ஐயா அந்த மூன்று பேர்? எங்கள் வயலில் நிற்கிறார்களா? எங்கள் குளக்கட்டில் நடக்கிறார்களா? எங்கள் வீட்டுக் கூரைக்கு ஓலை ஏற்றித் தருகிறார்களா?

எங்கே என்று எனக்குத் தெரியும். அந்தக் கணக்குப் பிழையானதற்கு நானும் ஒரு காரணம். அதைச் சொல்லிவிட்டுத்தான் நன்றி சொல்லவேண்டும்.

போர் முடிந்து முள்வேலி முகாமில் இருந்த காலத்தில் எங்களை அடிக்கடி எண்ணினார்கள். கூடாரத்துக்கு முன்னால் வரிசையாக நிறுத்தி எண்ணினார்கள். ஒருவர் இல்லை என்று சொன்னால், எங்கே என்று கேட்பார்கள். எங்கே என்று தெரிந்தால் அல்லவா சொல்வதற்கு? ஆகையால் பெண்கள் நாங்கள் ஒரு பதிலைப் பழகிக்கொண்டோம். யாரைக் கேட்டாலும், "இருக்கிறார். குளிக்கப் போட்டார்." என் வீட்டுக்காரரைக் கேட்டபோதும் அதையேதான் சொன்னேன். ஐந்து வருடமாகிறது. அவர் இன்னும் குளித்து முடிக்கவில்லை.

பிறகு ஊருக்கு விட்டார்கள். ஊர் இருந்தது; வீடு இருக்கவில்லை. வயல் இருந்தது, கண்ணிவெடி எடுக்கவில்லை என்று வரம்பெல்லாம் சிவப்புக் கட்டை நட்டிருந்தது. பிள்ளைகள் ஒரு போகம் பார்த்தார்கள், இரண்டு போகம் பார்த்தார்கள், பிறகு பையைத் தூக்கினார்கள். கொழும்பில் கூலிக்கு மாடி கட்டினார்கள். கதிர்காமு அண்ணையின் மகள் லக்சிகா வவுனியாவில் தையல் ஆலைக்குப் போனாள். என் மகன் விதுசனும் கொழும்புக்குப் போனான். போகும்போது, "கட்டை பிடுங்கின உடன வந்திடுவன் அம்மா" என்றான்.

அந்த நேரத்தில்தான் குடிசன மதிப்பீடு வந்தது. துசாந்தினி ரீச்சர் படிவத்தோடு என் வாசல் படலைக்கு வந்தாள்.

"அன்ரி, மகன் எங்க?"

"இருக்கிறான் பிள்ளை. வயலுக்குப் போட்டான்."

"போன முறை வீட்டிலக்கம் எழுத வந்த நேரமும் வயலுக்குத்தானே போனவர்?"

"ஓம். பெரிய வயல்."

சிரித்துக்கொண்டே எழுதினாள். அவளில் பிழையில்லை. இல்லை என்ற சொல் எங்கள் வாயில் வராது. கதிர்காமு அண்ணையின் இரண்டு ஆண்பிள்ளைகளும் அன்று குளத்தடியில் நின்றார்கள். கனகம்மாவின் மகன் மாடு பார்க்கப் போயிருந்தான். வீட்டுக்கு வீடு எல்லோரும் இருந்தார்கள், ஒருவரும் இருக்கவில்லை. அறுபத்தொரு பேர் இருக்கிற ஊர், கடதாசியில் நூற்றெண்பத்தாறு பேரானது. உழைக்கும் வயதில் ஐம்பத்துநான்கு ஆண்கள் என்று எழுதப்பட்டது. அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் ஐயாமார் இந்த மண்டபத்தைக் கட்டித் தந்திருக்கிறார்கள்.

போன பங்குனியில் விதுசன் பதினோராம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்தான்.

அவனுடைய பெட்டி வான் வண்டியில் வந்தது. செத்தவீட்டுச் சடங்கு முடிந்தது. தூக்கவேண்டும். பட்டியலில் ஐம்பத்துநான்கு ஆண்கள். முற்றத்தில் எத்தனை பேர்? ஊரில் உண்மையாக நிற்கிற இளம் ஆண்கள் இரண்டு பேர். ஒருவர் அன்று தலைமன்னாரில் கூலிக்கு நின்றார். மற்றவருக்கு ஒரு கால் இல்லை.

தூக்கியது யார் தெரியுமா? எழுபத்தொரு வயதில் எங்கள் தில்லைநாதன் மாஸ்டர். இடுப்பு வலியோடு கதிர்காமு அண்ணை. மீன் கொண்டுவந்த இடத்தில் செய்தி கேட்டுப் பெட்டியை வேலியோரம் போட்டுவிட்டு ஓடிவந்த வஸீர் நானா. நாலாவது தோள், வான் சாரதியுடையது. அவருக்குத் தமிழ் தெரியாது. அவர் பெயர் எனக்குத் தெரியாது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்து குனிந்தார்.

பெண்கள் நாங்கள் படலையோடு நின்றுவிட வேண்டும். நின்றேன். மரமில்லாத வயல்வெளி, எல்லாம் தெரிந்தது. எங்கள் ஊரில் பிரேதத்தை வழியில் இறக்குவதில்லை. நால்வர் களைத்தால் பின்னால் வருகிற நால்வர் தோள் மாற்றுவார்கள். மதகடிக்கு வந்ததும் கதிர்காமு அண்ணை பழைய பழக்கத்தில், "மாத்துங்கோடா" என்று கூப்பிட்டார்.

பின்னால் ஒருவரும் இல்லை.

என் பிள்ளையை மூன்று தரம் நிலத்தில் இறக்கினார்கள்.

என்ன வஸீர் நானா? ஓம், கேட்கிறது. "பாரமில்ல இராசம்மா, எனக்கு மூச்சு வாங்கினது அவ்வளவுதான்" என்று சொல்கிறார். இந்த மனுசன் அன்றைக்கும் அதைத்தான் சொன்னார். அவருடைய பிள்ளைகளும், விரட்டப்பட்டுப் போய் இருந்த புத்தளத்திலேயே தங்கிவிட்டார்கள். இருபது வருடத்துக்குப் பிறகு முசலிக் கரைக்குத் திரும்பி வந்தவர் அவர் மட்டும். நாளைக்கு அவரை யார் தூக்குவது?

மாநகரமே, உன்னை நான் கண்டதில்லை. எங்கள் பிள்ளைகளின் முதுகில் நீ மாடிமேல் மாடியாக எழுந்தாய். எழு, வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் உழைப்பு உன்னிடம், உறக்கம் உன்னிடம், கடைசி மூச்சும் உன்னிடம். பெயர் மட்டும் எங்களிடமா? ஐயா, நீங்கள் சொன்ன அந்த மூன்று பேர் சீமெந்துப் பைக்கு மேல் படுத்திருக்கிறார்கள். அவர்களை எண்ணியது இங்கே. அவர்கள் விழுவது அங்கே. கொழும்பில் கொடுத்த மரணச் சான்றிதழில் என் மகன் செத்தவன். எங்கள் ஊர்ப் பட்டியலில் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறான்.

போன கிழமை விதானையார் பட்டியலைத் திருத்த வந்தார். அதற்கு முதல்நாள் மாதர் சங்கம் கூடியது. கனகம்மா என் கையைப் பிடித்துச் சொன்னாள்: "அக்கா, விதுசன்ர பேரை வெட்டாதேங்கோ. ஒண்டை வெட்டினா மற்றதையும் கேப்பினம். பிறகு பள்ளிக்கூடமும் நிண்டிடும், பஸ்ஸும் நிண்டிடும்." நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். விதானையார் வந்தபோது வீட்டுக்குள் ஒளித்திருந்தேன்.

கனகம்மா, முகத்தைத் திருப்பாதே. நீ சொன்னது சரி. உண்மையைச் சொன்னால் பள்ளிக்கூடம் நிற்கலாம். பதினொரு பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம். பதினொன்றும் ஒரு தொகைதான் என்று பெரிய ஐயா மேலே எழுதுவார் என்று உன்னை நம்பச் சொல்லவா? எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. நிற்காது என்று உனக்கு உறுதி சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. மன்னித்துக்கொள்.

ஆனால் இந்தப் பெயரை விட்டால் வருடா வருடம் நான் சொல்லவேண்டும், வயலுக்குப் போட்டான் என்று. கட்டை பிடுங்கிவிட்டார்கள், கனகம்மா. அந்த வயலில் அவன் இல்லை. என் வாசலில் இருந்து பார்த்தாலே தெரிகிறது.

இனி மாஸ்டரின் கடதாசி. மண்டபம் தந்தவர்களுக்கு நன்றி. கதிரை தந்தவர்களுக்கு நன்றி. பஸ்ஸில் வந்தவர்களுக்கு நன்றி. கடதாசியில் இல்லாத ஒன்று: தோள் தந்த நால்வருக்கும் நன்றி. இந்த இருநூறு கதிரைக்கும் இருநூறு முதுகு உண்டு, ஒரு தோளும் இல்லை.

விதானையார், பேனையை எடுங்கோ. என் வீட்டுக்காரரின் பெயரைத் தொடவேண்டாம். அவரை நான் கண்ணால் காணவில்லை. மகனைக் கண்டேன். எல்லோருக்கும் முன்னால் சொல்கிறேன், எழுதுங்கோ.

விதுசன். வயது இருபத்திரண்டு. இல்லை.

வணக்கம்.