மழையில் தொய்ந்த முரசு

காபிக்கு நன்றி, ஐயா. நான் மேசையில் விரலால் தட்டிக்கொண்டே இருப்பது உங்களுக்குத் தொல்லையாக இருக்கும். ஒரு மாதமாகவே விரல்கள் என் பேச்சைக் கேட்பதில்லை.

என் நண்பன் எல்டனும் நானும் கனெக்டிகட் மாநிலம் முழுக்க ஏலம் ஏலமாக அலைந்து பழைய ராணுவ முரசுகளைச் சேர்த்தவர்கள். முரசின் பக்கவாட்டில் காற்றுப் போக ஒரு சிறு துளை இருக்கும். அதில் டார்ச் அடித்தால் உள்ளே ஒட்டிய சீட்டில் செய்தவர் பெயர் தெரியும். அந்தத் துளைக்கு முன்னால் முட்டி போட்டுவிட்டால் எங்களுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

இந்தக் கோடையில் அவனுக்கு ஒன்று அகப்பட்டது. நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஒலித்தது. முரசில் தீட்டிய கழுகுச் சித்திரம் மங்கவில்லை, கன்றுத்தோல்கூட அன்று கட்டியதேதான். எனக்குப் பொறாமை இல்லை. ஊர் அணிவகுப்பில் அதை அடிக்கப் போவதாகச் சொன்னான், அதில்தான் நெஞ்சு பதறியது.

அணிவகுப்புக்கு முந்தின நாள் மழை. ஈரத்தில் தோல் தொய்ந்திருந்தது. தன் வீட்டு நிலவறையிலிருந்து முரசோடு ஏறி வந்தவன், படி உச்சியிலேயே நின்று, கயிறு கோத்த தோல்பட்டைகளை ஒவ்வொன்றாகக் கீழே இழுத்து இறுக்கினான்.

"வேண்டாம்டா. காய்ஞ்சா கிழிஞ்சிடும்."

"போடா ஹாலிஸ். முரசுன்னா அடிக்கத்தான். பொணம் மாதிரி கண்ணாடிப் பெட்டில வெச்சு நீ அழுதுட்டு இரு."

ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றேன். சிரித்துக்கொண்டே கொடுத்தான். முரசை முதலில் வாங்கிக்கொண்டேன், அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நான் கவனமான ஆள். பிறகுதான் அவனைத் தள்ளினேன்.

கீழே கிடந்து என் பெயரைச் சொன்னான். இறங்கிப் போயிருப்பேன். ஆனால் தோல் முறுக்கில் இருந்தது, அப்படியே விட்டுப் போக மனம் வருமா? ஒரு பட்டையை மேலே தள்ளித் தளர்த்தினேன், பிறகு எதிர்ப்பக்கத்துப் பட்டை. அவசரப்பட்டால் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். கீழே அவன் படிப்பலகையைத் தட்டத் தொடங்கினான். கடைசிப் பட்டையைத் தளர்த்தியபோது தட்டல் நின்றிருந்தது.

முரசை என் வீட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தேன். அந்தத் தட்டல் மட்டும் விரலோடு வந்துவிட்டது. உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. நேற்று முரசை வெளியே எடுத்து, பட்டைகளை இறுக்கி, அடித்தேன். மெதுவாகத்தான் அடித்தேன். தோல் நடுவில் கிழிந்துவிட்டது.

பார்த்தீர்களா, ஐயா? அவன் அடித்திருந்தாலும் இதேதான் ஆகியிருக்கும்.