நான் தட்டும்வரை

காலையில் சீக்கிரம் எழுவது எனக்கு ஒருபோதும் கஷ்டமாக இருந்ததில்லை. என் தங்கைக்குத்தான் அது பெரும்பாடு. போர்வையை இழுத்தால் தலையணைக்கு அடியில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். தலையணையைப் பிடுங்கினால் கட்டிலின் மறுபக்கத்துக்கு உருண்டுபோவாள். கடைசியில் கால் கட்டைவிரலைப் பிடித்துத் திருகினால்தான் எழுவாள். "அக்கா, நீ போன ஜென்மத்துல சேவலா பொறந்திருப்ப," என்பாள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். வளர்ந்து வேலைக்குப் போன பிறகும் அந்தப் பெயர் போகவில்லை.

நான் மருத்துவமனையில் நுரையீரல் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வருகிறவர்களை ஒரு குழாயில் ஊதச் சொல்ல வேண்டும். "ஊதுங்க, ஊதுங்க, நிறுத்தாதீங்க, இன்னும் கொஞ்சம்" என்று நாள் முழுவதும் கத்திக்கொண்டிருப்பேன். வீட்டில் பேச எனக்குக் குரல் மிஞ்சாது, பேசவும் பிடிக்காது. அந்த வேலை எனக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்தது. அவ்வளவுதான், முடிந்துவிட்டது என்று கையைக் காட்டுகிறவர்களிடமும் கொஞ்சம் மூச்சு மிச்சமிருக்கும். ஒருவருடைய மூச்சு எங்கே முடிகிறது என்பது அவருக்குத் தெரிவதில்லை. பக்கத்தில் நிற்பவருக்குத்தான் தெரியும்.

வாலு நீச்சலில் சுமார்தான். நடுவில் வருவாள், கடைசியில் வருவாள், சிரித்துக்கொண்டே ஏறி வருவாள். மூச்சடக்கும் போட்டி என்று ஒன்று இருப்பதை நான்தான் அவளுக்குச் சொன்னேன். தண்ணீரின் மேல் குப்புறப் படுத்து அசையாமல் கிடக்க வேண்டும். யார் அதிக நேரம் கிடக்கிறாரோ அவருக்கு வெற்றி. "இதுக்குப் பரிசு வேற குடுக்கறாங்களா? நான் ஞாயித்துக்கிழமை பூரா வீட்டுல அப்படித்தானே கிடக்கறேன்," என்றாள்.

முதலில் உடம்பைத் தயார் செய்தோம். விலா எலும்புகளின் இடையில் இடம் உண்டாக்க உடம்பை வளைக்கும் பயிற்சிகள், மூச்சைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறுவது, வயிற்றால் மூச்சு விடுவது. உடம்பு சொன்னபடி கேட்டது. மனம்தான் கேட்கவில்லை. மூச்சை அடக்கினால் ஒரு கட்டத்தில் வயிறு துள்ள ஆரம்பிக்கும். செத்துவிடுவோம் என்று தோன்றும். உண்மையில் அப்போது பாதி தூரம்கூட வந்திருக்காது. பக்கத்து வீட்டில் யாரோ சண்டை போடுகிறார்கள், நமக்கென்ன என்று இருக்கப் பழக்கினேன். பிறகு, கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள் நம் வீட்டில் ஒவ்வொரு அறையாகப் போய் விளக்கை அணைத்துக்கொண்டே வா என்றேன். சமையலறை, கூடம், அம்மாவின் அறை. எல்லா விளக்கும் அணைந்த பிறகு அவள் முதுகு தண்ணீரின் மேல் ஒரு பலகை மாதிரிக் கிடக்கும்.

இந்தப் போட்டியில் வழக்கமாகச் செய்கிற ஒரு காரியத்தை நாங்கள் செய்யவில்லை. பக்கத்தில் நிற்பவர் அவ்வப்போது தோளைத் தொடுவார். நினைவோடு இருப்பதைக் காட்ட, படுத்திருப்பவர் ஒரு விரலைத் தூக்க வேண்டும். எனக்கு அது பிடிக்கவில்லை. அந்த ஒரு விரலைத் தூக்குவதற்காக மனம் விழித்துக்கொள்கிறது, அணைத்த விளக்கெல்லாம் எரிய ஆரம்பித்துவிடுகிறது. அதனால் அவளிடம் சொன்னேன்: நேரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், உன் உடம்பை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ ஒன்றையும் பார்க்காதே. நான் முதுகில் தட்டினால் எழு. தட்டும்வரை உனக்கு மூச்சு இருக்கிறது என்று அர்த்தம்.

"நீ தட்ட மறந்துட்டா?" என்று கேட்டாள்.

"நான் எதையாவது மறந்து பாத்திருக்கியா?"

"அதுவும் சரிதான். சின்ன வயசுல உன் மிட்டாயத் தின்னத இன்னும் சொல்லிக்காட்டற ஆளாச்சே நீ."

அந்த முறை பலித்தது. உள்ளூரில் அவளை வெல்ல ஆளில்லாமல் போனது. நாங்கள் காலையில் பயிற்சி செய்யும் நீச்சல் குளத்தில் உயிர்காப்பாளராக ஒருவர் இருக்கிறார். எதற்கெடுத்தாலும் ஊதுவதால் அவரை எல்லோரும் விசில் என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் வாரம் அவர் சட்டை பேண்டோடு குதித்து வாலுவை இழுத்து வந்துவிட்டார். "அண்ணே, நல்லா கிடந்தவளை எதுக்குண்ணே காப்பாத்துனீங்க?" என்று அவள் திட்டினாள். அதன் பிறகு அவர் அவளைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கப் பழகினார். என் முகம் அமைதியாக இருந்தால் அவரும் அமைதியாக இருப்பார். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அவர்மேல் ஒரு தவறும் இல்லை.

எனக்குத் தெரியாத ஒன்றை முதலில் சொன்னவரும் அவர்தான். "தங்கச்சி சாயந்திரமும் வருதே, உடம்பு தாங்குமாம்மா?" என்று கேட்டார். "தாங்கும்," என்றேன்.

மறுநாள் மருத்துவமனையிலிருந்து சீக்கிரம் கிளம்பி, குளத்தின் மாடியில் பார்வையாளர்கள் உட்காரும் இடத்துக்குப் போனேன். அங்கே கண்ணாடித் தடுப்பு இருக்கிறது, சத்தம் கேட்காது. வாலு தண்ணீரில் கிடந்தாள். தொப்பி போட்ட பயிற்சியாளர் ஒருவர் பக்கத்தில் நின்றார். அவர் தோளைத் தொட, அவள் விரலைத் தூக்கினாள். மறுபடி தொட்டார், மறுபடி தூக்கினாள். பிறகு அவர் கை தண்ணீருக்கு வெளியே சும்மா இருக்கும்போதே, யாரும் தட்டாமல், அவளாகவே தலையைத் தூக்கி எழுந்துவிட்டாள். என்னிடம் கிடக்கிற நேரத்தில் பாதிகூட ஆகவில்லை. அவர் ஏதோ பாராட்டினார் போல. அவள் தலையை ஆட்டிக்கொண்டாள்.

அவள் வேறொருவரிடம் போனது பெரிய விஷயமில்லை. எல்லோரும் போகிறார்கள். அவளுக்குள் ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருந்திருக்கிறது, அது எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. அதுதான் உறுத்தியது.

வீட்டில் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "வாலு சாயந்திரம் எங்க போறா?" என்றேன்.

அம்மா நிமிரவில்லை. "அவளே சொல்றேன்னா. உன் மனசு கஷ்டப்படுமேன்னு தள்ளிப் போட்டுட்டிருக்கா."

"உனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா என்ன இப்போ? நீ இப்படி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவேன்னுதான் யாரும் வாயத் திறக்கல." மடித்த துண்டையே மறுபடி உதறி மடித்தாள்.

ஆக, அம்மாவுக்குத் தெரியும், விசிலுக்குத் தெரியும். தெரியாமல் இருந்தது எனக்கு மட்டும். நான் ஒன்றும் கேட்கவில்லை. நாள் கணக்கில் நான் பேசாமல் இருப்பது எங்கள் வீட்டில் புதிதல்ல, அதனால் யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. வாலு வழக்கம்போல என் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிட்டாள், என் சீப்பைத் தொலைத்தாள். இவ்வளவு இயல்பாக ஒருவரால் ஏமாற்ற முடிகிறதே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் கேட்கிற அந்தக் காலையில், உடை மாற்றும் அறையில், ரப்பர் தொப்பிக்குள் அவள் முடியை நான் திணித்துக்கொண்டிருந்தேன். "அக்கா, முடிச்சதும் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது, சரியா?" என்றாள்.

"முடிச்சதும் சொல்லு," என்றேன்.

ஸ்டாப்வாட்ச் நின்றுபோய்விட்டது என்று முதலில் உங்களிடம் சொன்னேன். அது பொய். அது நன்றாக ஓடியது. இடுப்பளவு தண்ணீரில் அவள் பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வயிறு துள்ளத் தொடங்கியது, பிறகு அடங்கியது. நான் வழக்கமாகத் தட்டும் நேரம் வந்தது. கையைத் தண்ணீருக்கு மேலே தூக்கினேன், அப்படியே வைத்துக்கொண்டேன். அந்தத் தொப்பிக்காரரிடம் தானாக எழத் தெரிந்தவளுக்கு இங்கேயும் எழத் தெரியும். எழட்டும், பார்க்கலாம் என்று நினைத்தேன். எழுந்திருந்தால், எல்லாம் தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

விசில் ஒருமுறை என் பக்கம் திரும்பினார். நான் சிரித்தேன். அவர் தண்ணீரில் மருந்து சரியாக இருக்கிறதா என்று பார்க்க மறுமுனைக்குப் போனார்.

அவள் நகங்களின் நிறம் மாறியது. என் வேலையில் அந்த நிறத்தைத் தினமும் பார்க்கிறேன், அதற்கு அடுத்தது என்ன என்றும் தெரியும். அப்போதாவது தட்டியிருக்கலாமே என்று கேட்டீர்கள். தட்டியிருக்கலாம், எழுந்திருப்பாள். எழுந்து, மூச்சு வாங்கி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்த விஷயத்தைச் சொல்லியிருப்பாள். நான் அதை உட்கார்ந்து கேட்க வேண்டியிருந்திருக்கும்.

வாயிலிருந்து கொஞ்சம் குமிழ்கள் வந்தன. தோள்கள் தளர்ந்தன. அவ்வளவு அழகாக அவள் ஒருபோதும் கிடந்ததில்லை. விசில் திரும்பி வந்து என் முகத்தைப் பார்க்கும்வரை நான் அங்கேயே நின்றேன். அவர் கத்திய பிறகுதான் நானும் கத்த வேண்டும் என்று தோன்றியது.

அந்தத் தொப்பிக்காரர் உங்களிடம் கொடுத்த வாக்குமூலத்தை நேற்று படித்துக் காட்டினீர்கள். பெரிய போட்டியில் விரலைத் தூக்கிக் காட்டாதவர்களைச் சேர்ப்பதில்லையாம். அந்த ஒன்றை மட்டும் கற்றுக்கொள்ளத்தான் வாலு அவரிடம் போனாளாம். "எங்க அக்கா முறைய மாத்தணும்னு அக்காகிட்ட எப்படிண்ணே சொல்றது? உடைஞ்சிடுவா," என்றாளாம். போட்டிக்கு என்னைத்தான் பக்கத்தில் நிற்கவைக்கப்போவதாகச் சொன்னாளாம். படித்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள், நான் அழுவேன் என்று எதிர்பார்த்தீர்கள் போல. இருக்கலாம், அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது எனக்குப் புதிய செய்தியில்லை. அதை அன்றைக்கே குளத்தில் தெரிந்துகொண்டேன்.

அவரிடம் எழுந்தவள் என்னிடம் எழவில்லை, பாருங்கள். விரலைக்கூடத் தூக்கவில்லை. என் கை வரும், வரும் என்று கிடந்தாள். இவ்வளவு நம்பிக்கையை யாரும் யாரிடமும் வைத்து நான் பார்த்ததில்லை.

நான்தான் அவளைக் கொன்றேன். தெரிந்து செய்தேன். அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இரண்டாம் பக்கத்தில், தங்கை தன்னைப் பிரிந்து போவதைத் தாங்க முடியாமல் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை மட்டும் அடித்துவிடுங்கள். அவள் என்னை விட்டு எங்கேயும் போகவில்லை.