சென்சார் பதில் சொல்லாவிட்டால்

உட்கார்ந்தே பேசுகிறேன் டாக்டர், மாடி ஏறி வந்ததில் முட்டி வலிக்கிறது. கீழே வார்டில் என் மனைவிக்குக் காலையிலிருந்து மருந்து ஏறுகிறது. அது நின்றால் அவள் ரத்த அழுத்தம் விழுந்துவிடும். மருந்தைச் செலுத்தும் இயந்திரத்துக்கு மென்பொருள் எழுதிய அறுபது பேருக்கும் நான்தான் தலைவன்.

எங்கள் குழுவுக்கு நானே எழுதிய விதிப்புத்தகம் உண்டு. பிழை வந்தால் மறைத்து விழுங்காதே, மேலே அனுப்பு, திரையில் சிவப்பாகக் காட்டு. எவனாவது மீறினால் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவேன்.

இயந்திரத்தை ஒப்படைக்க ஒரு வாரம் இருக்கும்போது, மருந்து ஓடுகிறதா என்று பார்க்கும் சென்சார் அடிக்கடி பதில் சொல்லாமல் போனது. திரை சிவந்துகொண்டே இருந்தது. காரணம் தேட நான்கு மாதமாவது ஆகும். அதுவரை யார் பொறுப்பார்கள்? அறுபது குடும்பமும் நடுத்தெருவுக்கு வந்திருக்கும். மென்பொருளில் ஒரே ஓர் இடத்தில் அந்தப் பிழையைப் பிடித்து, மேலே அனுப்பாமல் விழுங்கிவிட்டேன். சென்சார் வாயை மூடிக்கொண்டால், அது கடைசியாகச் சொன்ன அளவே திரையில் பச்சையாக நிற்கும். விதிப்புத்தகத்திலும் ஒரு வரி சேர்த்தேன்: காரணம் எழுதி வைத்தால் விழுங்கலாம்.

குழுவில் நாங்கள் எழுதுவதைச் சரிபார்க்கும் பெண் தயங்கினாள்.

“அண்ணா, மருந்து நெஜமாவே நின்னுட்டா?”

“நிக்காதும்மா. காரணம் எழுதியிருக்கேன் பாரு. விதிப்படிதானே இருக்கு?”

அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஒப்புதல் கொடுத்துவிட்டாள்.

மூன்றாம் மாதம் வேறொரு மருத்துவமனையில் ஒரு பெரியவர் போய்விட்டார். மருந்து எப்போதோ நின்றிருந்தது, திரை மட்டும் பச்சை. அறிக்கை என்னிடம்தான் வந்தது. படித்ததும் புரிந்தது. ‘நர்ஸின் கவனக்குறைவு’ என்று எழுதி அனுப்பினேன். அந்த நர்ஸுக்கு வேலை போயிற்று. பாவம், இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதற்குப் பிறகு இன்னும் ஆறு பேர். ஆறு முறையும் அதையே எழுதினேன்.

இன்று மனைவியின் கட்டிலருகே அதே இயந்திரம். அதை மாற்றச் சொல்லி வார்டு நர்ஸிடம் கெஞ்சிப் பார்த்தேன்.

“ஸ்க்ரீன்ல எல்லாம் சரியாத்தானே இருக்கு சார்? பயப்படாம வெளிய உக்காருங்க.”

அவளைக் குறை சொல்ல மாட்டேன். அப்படி நம்ப வைத்ததே நான்தான்.

ஏழு பேரையும் கொன்றது நான், டாக்டர். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். முதலில் ஆளை அனுப்பி என் மனைவியிடமிருந்து அதைக் கழற்றி வேறு இயந்திரம் மாட்டச் சொல்லுங்கள். வார்டில் இன்னும் பதினோரு பேருக்கு அது ஓடுகிறது, எண்ணிப் பார்த்தேன். அவர்களுக்கு நாளைக்குச் சொன்னால் போதும். நோயாளிகளை வீணாக ஏன் பயமுறுத்த வேண்டும்.