சரிவான தரையில் ஒரு கல்யாணம்

"மாமா, அந்த மண்டபத்துல பந்தி போட்டா மேல் வரிசைக்கு ஊத்தற ரசம் கீழ் வரிசை இலைக்கு வந்துடும்."

எண்பதுகளில் ஒரு நாள், கீழ்பென்னாத்தூர் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டிலிருந்து இது கேட்டது. கல்யாணப் பெண்ணின் அப்பாவும் அவருடைய மச்சானும் மாப்பிள்ளை வீட்டுக்குப் பத்திரிகை வைக்கப் போய்க்கொண்டிருந்தார்கள். திருவண்ணாமலையில் சினிமாக் கொட்டகையாக இருந்து, புதிதாகக் கல்யாண மண்டபம் ஆகியிருந்த இடத்தைத்தான் மச்சான் சொன்னார்.

"திரை இருந்த இடத்துல மணவறை கட்டினாங்களே, சரிவா இருந்த தரையை யாராவது மட்டப்படுத்தினாங்களா?"

"பழைய கட்டடம் மச்சான். எங்கப்பா அதுல நாடகமே பார்த்திருக்காரு."

"நாடகம் ஆடினாங்க, படம் ஓட்டினாங்க, அப்புறம் கடலைக் கிடங்காக்கி மல்லாட்டை மூட்டை அடுக்கினாங்க. பாக்கி இருந்தது நம்ம பாப்பா கல்யாணம்தான். மாப்பிள்ளை சொந்தக்காரங்களை எங்க உட்கார வெப்பீங்க, தரை டிக்கெட்டா, பெஞ்சா?"

"மெல்லப் பேசு."

"தாலி கட்டற நேரத்துல கரண்ட் போனா எல்லாரும் விசில் அடிக்கப் போறாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

"ஊர்ல வேற இடமே இல்லையா? இதை மண்டபமாக்கின புத்திசாலி யாரு மாமா?"

பெண்ணின் அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்.

"மாப்பிள்ளையோட பெரியப்பா. அங்கதான் வைக்கணும், இல்லன்னா சம்பந்தமே வேணாம்னுட்டாரு."

பஸ் நின்றது. மச்சான் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

"அப்போ உள்ள போனதும் மண்டபத்தைப் பத்தி நானே நாலு வார்த்தை புகழ்ந்து பேசிடறேன்."

"பேசு. ஆனா சிரிக்காம பேசு."