மௌன மண்டபத்தில் எழுந்து பேசியவர்

பின்னேரம் ஐந்து மணி. எழுபத்தாறாம் ஆண்டு, யூன் மாதம். சிட்னியில் அந்த நேரத்துக்கே இருட்டிவிடும். பரமட்டாவைத் தாண்டிப் போனால் ஒரு மண் றோட்டு... இரண்டு பக்கமும் யூக்கலிப்டஸ். வீடில்லை, விளக்கில்லை. ஒரே ஒரு கார் மட்டும் போகிறது.

காருக்குள் இருந்தது மெல்பேண் நோபல் பார்க்கில் இருக்கிற பீட்டரின் தங்கை செல்வராணி. பீட்டர்தான் எனக்குச் சொன்னது, பொய் சொல்கிற ஆளில்லை. காரை ஓட்டியது அவளுடைய புருஷன் குணசீலன்.

குணசீலன் முதலில் கட்டியது செல்வராணியின் அக்கா இரஞ்சிதத்தை. அவர்களின் தகப்பன் இலங்கையில், மாத்தளையில், குவேக்கர் என்ற கிறிஸ்தவ சபையில் சேர்ந்தவர். அதனால் இரஞ்சிதத்தின் கல்யாணமும் அந்த றோட்டு முடிவில் இருந்த பழைய குவேக்கர் மண்டபத்தில்தான் நடந்தது. இரண்டு வருஷத்தில் இரஞ்சிதம் செத்துப்போனாள்.

"நித்திரையிலயே போயிட்டா. பக்கத்தில படுத்த எனக்கே தெரியேல்லை" என்று அழுதான் குணசீலன். அந்த அழுகைக்கு இரங்கித்தான் செல்வராணி அவனைக் கட்டினாள்.

அக்கா கல்யாணம் கட்டிய மண்டபத்தைப் பார்க்கவேண்டும் என்று அவள் கேட்டபோதெல்லாம், "கலியாணத்துக்குப் பிறகு நான் அந்தப் பக்கமே போகேல்லை. என்னால ஏலாது, செல்வா" என்பான். அன்றைக்குத்தான் ஒருமாதிரி ஓமென்றான்.

மண்டபத்தின் திறப்பு வைத்திருந்த வெள்ளைக்காரக் கிழவி கதவைத் திறந்துவிட்டாள். சிலுவை இல்லை, பீடம் இல்லை. உட்கார, ஒன்றையொன்று பார்த்தபடி நீள மர வாங்குகள். பழைய மெழுகு மணம். குவேக்கர்களுக்குப் பாதிரியார் கிடையாது. எல்லோரும் பேசாமல் இருப்பார்கள். யாருக்காவது உள்ளே உந்தினால் எழுந்து பேசலாம். அவ்வளவுதான் வழிபாடு.

மூன்று பேரும் இருந்தார்கள். செல்வராணி கண்ணை மூடினாள். குளிரில் தகரக் கூரை டிக்... டிக்... என்றது.

பிறகு... வாங்கு கிறீச்சிட்டது. யாரோ எழுந்தார்கள்.

"நான் நித்திரையில சாகேல்லை."

அக்காவின் குரல்.

"நெஞ்சு நோகுது, டொக்டரைக் கூப்பிடுங்கோ எண்டு கெஞ்சினனான். அவர் வாசலில கதிரையைப் போட்டு இருந்தவர். நான் அடங்குமட்டும் பார்த்துக்கொண்டு இருந்தவர்."

செல்வராணி கண்ணைத் திறந்தாள். எழுந்து நின்றது குணசீலன். அசைந்தது அவனுடைய வாய்.

சொல்லி முடித்ததும் திரும்ப வாங்கில் இருந்தான். லேஞ்சியால் முகத்தைத் துடைத்தான். "குளிருது, வெளிக்கிடுவமே?" என்றான், தன் குரலில். காரைத் திருப்ப வெளியே போனான்.

கிழவி செல்வராணியின் கையைத் தொட்டாள். "உன் கணவர் மாதாமாதம் தனியாக வருகிறார். ஒவ்வொரு முறையும் எழுந்து இதே சொற்களைத்தான் சொல்கிறார். இதற்கு என்ன அர்த்தம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

மாதாமாதம்... அந்தப் பக்கமே போகவில்லை என்றவன். அக்காவைச் சாகவிட்டுவிட்டு, தங்கைக்கு அழுது காட்டியவன். அந்தக் கண்ணீரைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டவள் செல்வராணி. அவள் படியிறங்கவில்லை. கதவுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள்.

வெளியே கார்க் கதவு ஒன்று சாத்துகிற சத்தம். கொஞ்சம் பொறுத்து... மற்றக் கதவு.

"பெல்ட்டைப் போடும்." குணசீலனின் குரல்.

கார் போய்விட்டது.

அன்றிரவு கிழவி வீட்டில் தங்கி, மறுநாள் மெல்பேணுக்கு ரயில் ஏறினாள். பீட்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிக் குழறினாள். ஒரு கிழமையாகியும் குணசீலன் தேடவில்லை. பீட்டருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. சிட்னிக்குப் போன் எடுத்தான். செல்வராணி அவன் பக்கத்தில்தான் நின்றாள்.

"என்ர தங்கச்சியைப் பற்றிக் கதைக்கோணும்."

"செல்வாவோ மச்சான்? குசினியில நிக்கிறா. பொறும், கூப்பிடுறன்."

றிசீவரை மேசையில் வைத்த சத்தம். பிறகு, செருப்பை இழுத்து இழுத்து யாரோ நடக்கிற சத்தம்... போனுக்குக் கிட்ட, இன்னும் கிட்ட வந்தது.