எனக்கே கறுப்பு மையா?

திண்டிவனத்தில் விழுப்புரம் பஸ் கிளம்பியதும், எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் பக்கத்திலிருந்த அக்காவிடம் சொன்னாள்: "எனக்கே கறுப்பு மை பூசினானுங்கக்கா!"

"உனக்கா? எதுக்குடி?"

"நான் இருட்டுல நிக்கணுமாம், ஹீரோ என்ன பாத்துட்டு பேய்னு அலறணுமாம். அதான் காமெடியாம். கோலியனூர் மேடையில ஒத்த மைக்க புடிச்சிக்கினு ஒரு மணி நேரம் சிரிக்க வெச்சவ நான். சினிமாவுல எனக்கு ஒரு டயலாக் இல்ல!"

"நீ ஃபோன்ல பாப்பியே, அமெரிக்காவுல கறுப்பு காமெடிக்காரங்க, அவங்களுக்குமா இப்படி?"

"அதே கதிதான். மேடையில வெள்ளைக்காரங்கள கிழிச்சி தொங்கவுட்டவங்கள, சினிமாவுல ஹீரோ பின்னாடி கண்ண உருட்டிக்கினு ஓட வுட்டானுங்க."

"நீ ஒண்ணும் கேக்கலயா?"

"கேக்கலான்னுதான், ஷாட் முடிஞ்சதும் மூஞ்சிய தேய் தேய்னு தேய்ச்சி கழுவிக்கினு போனேன். டைரக்டர் என்ன பாத்துட்டு, 'என்னம்மா, இன்னும் கழுவலையா'ன்றான்."

என் பக்கத்தில் இருந்தவர் சிரித்துவிட்டார். அவள் சட்டென்று திரும்பினாள்.

"சிரிக்காதீங்க சார். இத நான் இன்னும் ஜோக்கா மாத்தல."